சிங்கத்துக்குப் பெயர் வைக்கும் ஊர்: மாசாய் நிலம் பற்றிய கேள்வி பதில்

தெற்குக் கென்யாவில், அம்போசெலி தேசியப் பூங்காவைச் சுற்றி, மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் ஊர்களில் சில வருடம் கால்நடை மருத்துவராக இருந்தேன். அதைச் சொன்னதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மாட்டை அடிக்கும் சிங்கத்தை அந்த மக்கள் எப்படி சார் பொறுத்துக்கொள்கிறார்கள்? (ஆசிரியை, திண்டுக்கல்)

பொறுத்துக்கொள்வதில்லை அம்மா! மாடு போனால் இளவட்டங்கள் ஈட்டியோடு கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு மொரான் என்று பெயர். ஈட்டியைவிட மோசமானது விஷம். நம் வயலில் குருணையாகத் தூவிய ப்யூரடான் பூச்சிமருந்து இருக்கிறதே, அதைச் செத்த மாட்டின் மேல் தூவிவிடுவார்கள். சிங்கம் மட்டுமா சாகும்? கழுதைப்புலி, குள்ளநரி, பிணந்தின்னிக் கழுகு எல்லாம் சாகும். கழுகு கூட்டமாக இறங்கும் பறவை. ஒரே மாட்டில் ஒரு கூட்டமே முடிந்துவிடும். தயாரித்த நிறுவனம் 2009இல் அந்த மருந்தைக் கென்யச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

அப்படியானால் சிங்கம் எப்படி மிஞ்சியது? (கல்லூரி மாணவர், மதுரை)

2007இல் அம்போசெலி பக்கம் ‘லயன் கார்டியன்ஸ்’ (சிங்கக் காவலர்கள்) என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சிங்கத்தைக் கொன்ற மொரான்களையே சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்ததுதான் அதில் சூட்சுமம். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். தடம் பார்ப்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் தடம் பார்த்துவிட்டு, “இன்றைக்கு அந்தப் பக்கம் ஓட்டாதே” என்று மேய்ப்பவருக்குச் சொல்லிவிடுவார்கள்.

அங்கே பட்டியில் இருக்கும் மாட்டைவிட, மேய்ச்சலில் வழிதவறி ராத்திரி புதரில் தங்கிவிடும் மாடுதான் அதிகம் சிக்குகிறது. அந்தியில் மந்தை திரும்பும்போது வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். எண்ண மாட்டார், நிறத்தையும் கொம்பையும் பார்த்தே எது வரவில்லை என்று சொல்லிவிடுவார். உடனே காவலருக்குத் தகவல் போகும். இருட்டுவதற்குள் அந்த மாடு கிடைத்துவிட்டால், அன்றைக்கு ஒரு சிங்கமும் தப்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. முன்பெல்லாம் சிங்கத்தைக் கொன்றவனுக்குச் சிங்கப் பெயர் சூட்டுவார்கள். இப்போது காவலர் சிங்கத்துக்குப் பெயர் வைக்கிறார். பெயர் வைத்த பிறகு கை அவ்வளவு சுலபமாக ஓங்காது.

ஒரு பையன் விளக்கு செய்தானாமே? (மின்பணியாளர், சேலம்)

ரிச்சர்ட் துரேரே. நைரோபி தேசியப் பூங்காவின் வேலியில்லாத தெற்கு ஓரத்தில் வீடு. பதினோரு வயதில், பழைய கார் பேட்டரி, சோலார் தகடு, மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டர் பெட்டி எல்லாவற்றையும் இணைத்து, பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளைப் பொருத்தினான். யாரோ டார்ச்சோடு நடமாடுகிறார்கள் என்று சிங்கம் ஒதுங்கிப் போனது. உங்களுக்கு அரை நாள் வேலைதான்!

சுற்றுலாப் பணம் ஊருக்குப் போகிறதா, விடுதிக்காரருக்கா? (வங்கி ஊழியர், ஈரோடு)

கென்யாவின் மாசாய் மாரா காப்பகத்தை ஒட்டிய பகுதியில் ஓரளவு ஊருக்கே போகிறது. பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தைப் பிரித்துக் குடும்பத்துக்கு ஒரு பட்டா கொடுத்துவிட்டார்கள். அவரவர் வேலி போட்டால் காட்டுமாடும் வரிக்குதிரையும் எங்கே போகும்? அதனால் 2006இல் ஒலாரே ஒரோக், 2010இல் நபோயிஷோ என்று வனவிலங்குக் காப்பு நிலங்களாகத் திரும்ப ஒன்றாகச் சேர்த்தார்கள். விடுதிகள் ஏக்கர் கணக்கில் குத்தகை தருகின்றன. பணம் பட்டாதாரரின் கணக்குக்கே போகும். பதிலுக்கு அவர் வேலி போடக்கூடாது, மாட்டை முறை வைத்துத்தான் மேய்க்க வேண்டும். ஒலாரே ஒரோக்கின் இப்போதைய பெயர் ஒலாரே மோட்டொரோகி. அங்கே 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான். அதனால் ஆள் குறைவு, வாடகை அதிகம்.

குறை இல்லாமலா? பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். பால் கறப்பதும் வீடு கட்டுவதும் பெண்கள். குத்தகைப் பணம் வந்தது சில வீடுகளில் அவர்களுக்குத் தெரியக்கூட தெரியாது. 2020இல் கொரோனா வந்து விமானம் நின்றதும் குத்தகையும் பல இடங்களில் குறைந்தது. சுற்றுலா ஒன்றையே நம்பினால் இதுதான் கதி.

அரசு இழப்பீடு தராதா? (விவசாயி, கூடலூர்)

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, வனவிலங்கால் ஆள் இறந்தால் 50 லட்சம் கென்ய ஷில்லிங். கையில் கிடைப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காட்டைக் காப்பாற்ற மக்களை வெளியேற்றுவது சரியா? (வழக்கறிஞர், சென்னை)

எனக்கு உடன்பாடு இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தான்சானியாவில், செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்காக 1959இல் மாசாய்களை இங்கோரோங்கோரோவுக்கு அனுப்பினார்கள். 2022இல் செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில், வனவிலங்குக் காப்பகத்துக்காகச் சுமார் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது பெரிய மோதல். அத்தனை தலைமுறை மாடு மேய்த்த பிறகும் அங்கே விலங்கு இருந்ததே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

யானைக்குத் தேனீ வேலியாமே, நம்பலாமா? (தேனீ வளர்ப்பவர், பொள்ளாச்சி)

நம்பலாம். லூசி கிங் என்ற ஆய்வாளர் செய்தது. பத்து மீட்டருக்கு ஒரு கூடு தொங்கவிட்டு, எல்லாவற்றையும் கம்பியால் இணைப்பார்கள். யானை கம்பியில் இடித்தால் வரிசையாகக் கூடுகள் ஆடும், தேனீ கிளம்பிவிடும். கண்ணோரமும் தும்பிக்கைக்குள்ளும் கொட்டு வாங்கிய யானை அந்தப் பக்கம் தலைவைக்காது. தேன் விற்ற காசு தோட்டக்காரருக்கு. இலங்கையிலும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் நம் அடுக்குத் தேனீ சாது. ஆப்பிரிக்கத் தேனீயின் கோபம் அதற்கு வராது. உங்கள் தோட்டத்தில் செய்வதாக இருந்தால் முதலில் ஒரு ஓரத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள்.