ஆமை முட்டையிட்டால் பொரிக்க வைக்கலாமா?

கேள்வி: எங்கள் தொடர்மாடி வீட்டில் ஆறு வருடமாக இரண்டு சிவப்புக்காது ஆமைகள் வளர்கின்றன. சின்னது பெரியதன் முகத்துக்கு நேரே நகங்களைப் படபடவென்று ஆட்டுகிறது. பெரியது இரண்டு நாளாகத் தின்னாமல் கண்ணாடியைப் பிறாண்டுகிறது. குஞ்சு பொரிக்க வைக்க ஆசை. என்ன ஆயத்தம் வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நகம் நீண்ட சின்னதுதான் ஆண். பெரியது முட்டையிட இடம் தேடுவது போலத் தெரிகிறது. குஞ்சு வேண்டுமோ வேண்டாமோ, அதற்கு இன்றே மண் கொடுங்கள். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை அடக்கிக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. ஆமை தாராளமாகத் திரும்பக்கூடிய பிளாஸ்டிக் பெட்டியில் மணலும் மண்ணும் கலந்து ஒரு அடி உயரத்துக்கு நிரப்புங்கள். கையால் குழி தோண்டிப் பாருங்கள். ஓரம் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம் போதும். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள். பின்காலால் தோண்டும்போது எட்டிப் பார்த்தால் பாதியில் விட்டுவிடும்.

பொரிக்க வைப்பதுதான் யோசிக்க வேண்டிய காரியம். ஒரு தடவையில் 20 முட்டைகூட வரலாம், அதுவும் வருடத்தில் பல தடவை. ஆணைப் பிரித்த பிறகும், உள்ளே தங்கிய விந்தால் கருவுற்ற முட்டை வரும். நாணயம் அளவு குஞ்சை எல்லோரும் ஆசையாக வாங்குவார்கள். 30 வருடம் வாழ்ந்து, ஓடு ஒரு அடி நீளத்தை எட்டக்கூடிய ஆமையை யார் வைத்திருப்பார்கள்? முட்டை வருமுன் அவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள். பேர வாவியிலோ தியவன்னா ஓயாவிலோ ஒன்றைக்கூட விடக்கூடாது. இது வட அமெரிக்க இனம். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நம்மூர்ப் பாலாமையின் இரைக்கும் வெயில் காயும் இடத்துக்கும் போட்டியாக நிற்கும்.

பெயர் கிடைக்காவிட்டால், இட்ட அன்றே முட்டைகளை உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துவிட்டு அகற்றுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் அப்போது கரு மிக ஆரம்ப நிலையில்தான் இருக்கும்.

பொரிக்கவே முடிவானால், முட்டையின் மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, புரட்டாமல் எடுங்கள். புரண்டால் கரு இறக்கக்கூடும். 60 முதல் 80 நாள் வரை ஆகும். 26 பாகைக்குக் குறைந்தால் பெரும்பாலும் ஆண், 31க்கு மேல் பெரும்பாலும் பெண். கொழும்பின் அறை வெப்பம் இரண்டுக்கும் நடுவே ஆடுவதால், தானியங்கி வெப்பக் கட்டுப்பாடுள்ள அடைகாப்பான் இல்லாமல் இறங்க வேண்டாம். ஆமையில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள்.

மண் வைத்தும் முட்டையிடாமல் சோர்ந்து கிடந்தால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுங்கள். முட்டை பெரிதா, உடைந்ததா என்று பார்க்காமல் இடவைக்கும் ஊசி போட்டால் உள்ளேயே சிதறக்கூடும்.