ஒரே லெப்டொப், இரண்டு கணக்கு: ஒருவருக்கு மட்டும் இணையம்

கேள்வி: தலவாக்கலையில் வசிக்கிறோம். வீட்டில் இருப்பது ஒரே விண்டோஸ் லெப்டொப். என் கணக்கில் திறந்த பல்கலைக்கழக வகுப்புகளைப் பார்க்கிறேன். உயர்தரம் படிக்கும் தம்பிக்குத் தனிக் கணக்கு. கடந்தகால வினாத்தாள்கள் எல்லாம் அதிலேயே இருப்பதால் அவனுக்கு இணையம் தேவையில்லை. வைஃபை பாஸ்வேர்டை அவனிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவன் கணக்கில் இணையம் வருகிறது, மாத டேட்டா பாதியிலேயே முடிகிறது. எப்படித் தடுப்பது?

பதில்: நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்டை அடித்ததுமே விண்டோஸ் அதை அந்த லெப்டொப்பின் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாகச் சேமித்துவிடுகிறது. அதை உங்கள் கணக்குக்கு மட்டும் என்று மாற்ற வழி உண்டு. ஆனால் நாங்கள் அதை நம்பச் சொல்ல மாட்டோம். பெரும்பாலான 4ஜி ரவுட்டர்களின் அடியிலுள்ள லேபிளிலேயே முதல் பாஸ்வேர்ட் அச்சாகியிருக்கும். நீங்கள் அதை மாற்றியிருந்தாலும், ரீசெட் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பழையது திரும்பிவிடும். சிக்னலுக்காக ஜன்னலோரம் வைத்திருக்கும் ரவுட்டர் யார் கைக்கும் எட்டும். ஆகவே தம்பியின் கணக்கிலிருந்து வெளியே போகும் தொடர்பையே அடைத்துவிடுங்கள். விண்டோஸிலுள்ள ஃபயர்வாலே (உள்ளே வரும், வெளியே போகும் தொடர்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் பகுதி) அதற்குப் போதும்.

முதலில் செட்டிங்ஸ், எக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், தம்பியின் கணக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்று இருக்கிறதா பாருங்கள். 'எட்மினிஸ்ட்ரேட்டர்' என்றிருந்தால் மாற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். எட்மினிஸ்ட்ரேட்டராக இருப்பவர் எந்தத் தடையையும் ஒரு நிமிடத்தில் அழித்துவிடலாம். உங்கள் கணக்குக்கும் அவனுக்குத் தெரியாத பாஸ்வேர்ட் இருக்க வேண்டும்.

பிறகு உங்கள் கணக்கில் ஸ்டார்ட்டை அழுத்தி, 'விண்டோஸ் டிஃபென்டர் ஃபயர்வால் வித் எட்வான்ஸ்ட் செக்யூரிட்டி' என்பதைத் தேடித் திறவுங்கள். இடப்பக்கம் 'அவுட்பவுண்ட் ரூல்ஸ்', வலப்பக்கம் 'நியூ ரூல்'. அதில் 'கஸ்டம்' வகையைத் தெரிவுசெய்து, எல்லா புரோகிராம்களும், எல்லா புரோட்டோகோல்களும், எல்லா முகவரிகளும் என்றே விட்டுச் செல்லுங்கள். 'புளொக் த கனெக்‌ஷன்' கொடுங்கள். டொமைன், பிரைவேட், பப்ளிக் என்ற மூன்று நெட்வேர்க் வகைகளிலும் டிக் இருக்கட்டும். பப்ளிக்கை விட்டுவிட்டால், வைஃபை அந்த வகையில் பதிவாகியிருக்கும்போது தடை வேலை செய்யாது. ஒரு பெயர் வைத்து முடியுங்கள்.

முடித்த கணமே உங்கள் இணையமும் நின்றுவிடும். பயப்பட வேண்டாம், இப்போதைக்கு நீங்கள் உருவாக்கிய விதி (ரூல்) எல்லோருக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். அந்த விதியை இருமுறை கிளிக் செய்து, 'லோக்கல் பிரின்சிபல்ஸ்' பக்கத்தில் மேலே இருக்கும் பெட்டியில் டிக் போட்டு, 'எட்' அழுத்தித் தம்பியின் கணக்குப் பெயரைச் சேருங்கள். கீழ்ப்பெட்டி விதிவிலக்குக்கானது, பெயரை அதில் போட்டால் தம்பிக்கு இணையம் வரும், உங்களுக்கு வராது. 'செக் நேம்ஸ்' அழுத்தியதும் பெயரின் கீழ் கோடு விழுந்தால் சரி. விழாவிட்டால், அது பெரும்பாலும் மின்னஞ்சல் கொண்டு திறந்த கணக்காக இருக்கும். அப்படியானவற்றில் உள்ளே பதிவாகும் பெயர் வழமையாக மின்னஞ்சலின் முதல் 5 எழுத்துகள்தான். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பார்த்து ஊகிக்கலாம்.

'எட்வான்ஸ்ட்' பக்கத்தில் 'இன்டர்ஃபேஸ் டைப்ஸ்' என்று ஒன்று உண்டு. அங்கே 'வயர்லெஸ்' மட்டும் தெரிவுசெய்தால் தடை வைஃபைக்கு மட்டும். அப்போது ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி டேட்டா எடுக்க முடியும், ஏனெனில் லெப்டொப் அதை வயர் இணைப்பாகவே பார்க்கிறது. உங்கள் கவலை வீட்டு ரவுட்டரின் டேட்டா மட்டும் என்றால் வயர்லெஸ் போதும். இணையமே வேண்டாம் என்றால் எல்லா வகைகளையும் அப்படியே விடுங்கள்.

தம்பியின் கணக்கில் நுழைந்து பாருங்கள். வைஃபை சின்னம் இணைந்திருப்பதாகவே காட்டும். பிரவுசரில் மட்டும் பக்கம் திறக்காது. அதுதான் சரியான விளைவு. வைஃபை பிரின்டர் இருந்தால் அவன் கணக்கிலிருந்து அதுவும் நின்றுவிடக்கூடும்.

ஒரு செலவை இந்த விதி தடுக்காது. விண்டோஸ் அப்டேட் எந்தப் பயனரின் பெயரிலும் ஓடுவதில்லை, சிஸ்டத்தின் பெயரில் ஓடுகிறது. தம்பி வினாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பின்னால் டேட்டாவை இழுக்கலாம். அந்த வைஃபையின் புரொப்பர்டீஸில், டேட்டா அளவோடு கிடைக்கும் இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்லும் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை ஒன் செய்தால் பெரும்பகுதி அடங்கும். அவன் கையில் ஃபோன் இருந்தால், அது ரவுட்டரோடு நேரடியாக இணைகிறதா என்றும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் பாருங்கள். லெப்டொப்பில் போட்ட தடை ஃபோனைத் தொடாது.