வயதாகி நோயில் தவிக்கும் குதிரையை ஊசி போட்டு அனுப்புவது சரியா, தானாகச் சாகும்வரை விட்டுவிடலாமா?

ஊசி போட்டு அனுப்புவதுதான் சரி என்பேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

சத்தியமங்கலம் பக்கம் எங்களுக்குத் தோட்டம். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தையில், வண்டிக்கென்று அப்பாரு பிடித்து வந்த பெண்குதிரை அது. செவலை நிறம், பேரும் செவலைதான். அப்பாரு போய், வண்டியும் போன பிறகு அது மட்டும் எங்களோடு இருந்தது. குதிரைக்கு 25, 30 வயது என்பது நல்ல ஆயுள். செவலை அதை எட்டிவிட்டது.

முதலில் பல் தேய்ந்தது. புல்லை மென்று விழுங்க முடியாமல் உருண்டை உருண்டையாகக் கீழே போட்டுவிடும். கொள்ளை வேகவைத்து மசித்து, தவிட்டில் கூழாகக் கரைத்து அம்மா கொடுத்தார். அப்புறம் சித்திரை வெயிலிலும் மயிர் உதிராமல் சடை சடையாக வளர்ந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியின் கோளாறு, குஷிங் நோய் என்றார் கால்நடை மருத்துவர். அது பல குதிரைகளைக் குளம்பில்தான் வீழ்த்துகிறது. குளம்பின் கெட்டியான வெளிச்சுவரையும் உள்ளேயிருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் திசு வீங்கி விட்டுப்போனால், உடம்பின் பாரத்தில் எலும்பு உள்ளுக்குள்ளேயே திரும்பி இறங்கிவிடும். செவலை முன்கால்களை நீட்டிவைத்து, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் ஏற்றி நிற்கும். குளம்பைத் தொட்டால் சுடும்.

லாடத்தைக் கழற்றி, கொட்டடியில் மணல் பரப்பி, வலி மருந்து கொடுத்துப் பார்த்தோம். ஒரு மழைக்காலம் ஓடியது. பிறகு, படுத்தால் எழுப்பிவிட ஆள் கூப்பிட வேண்டிய நிலை வந்தது. குதிரையால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்க முடியாது. அதன் எடையே நுரையீரலையும் தசைகளையும் நசுக்கும். எழ முயன்று முயன்று தலையை அடித்துக்கொள்ளும். தானாக நிம்மதியாகப் போய்விடும் என்றுதான் நாங்களும் நம்ப ஆசைப்பட்டோம். ஆனால் இப்படி விழும் குதிரைக்கு அந்த நிம்மதி அநேகமாகக் கிடைப்பதில்லை.

அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “உங்கப்பாரு புடிச்சாந்த ஜீவனை நாமளே கொல்றதா?” என்று அழுதார். மருத்துவர் வாதம் பண்ணவில்லை. அப்பத்தாவின் கையைப் பிடித்துக் கொண்டுபோய், செவலையின் கால் கணுவுக்குப் பின்னால் வைத்தார். நல்ல குதிரைக்கு அந்த இடத்தில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குளம்பு வீங்கி வலித்த செவலைக்கு விரலை முட்டி முட்டித் தள்ளியது. அப்பத்தா வெகுநேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம், “சரி கண்ணு, வலிக்காம அனுப்பி வெச்சுருங்க” என்றார்.

அது விழுந்து கிடக்கும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். தானாக எழுந்து நடக்கும் ஒரு நாளில், குழிப் பக்கம் வரை அதுவே வரட்டும். செவலை வெல்லம் தின்றுகொண்டேதான் வந்தது. முதலில் மயக்க ஊசி, தலை தொங்கிய பிறகு அடுத்தது. குதிரை சட்டென்று கனமாகச் சாயும். மருத்துவரும் கயிறு பிடிப்பவரும் தவிர யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. உயிர் போன பிறகும் தசை துடிக்கலாம், ஒரு பெருமூச்சு வரலாம், கண் மூடாது. பிள்ளைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என் மகளிடம் சொல்லியிருந்தேன், பயப்படாமல் கடைசிவரை தள்ளி நின்று பார்த்தாள்.

கொட்டடியில் அதோடு ஒரு வெள்ளாடு இருந்தது. அதையும் அவிழ்த்துவிட்டோம். முகத்தை முகர்ந்தது, பிடரியைக் காலால் சுரண்டிப் பார்த்தது, தானாக விலகிப் போன பிறகுதான் மண் தள்ளினோம். துணையை எங்கே என்று தேடிக் கத்துவதைவிட அது நேரில் பார்த்துவிடுவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

புதைப்பதில் மட்டும் அசட்டை வேண்டாம். அந்தக் கடைசி ஊசி மருந்து உடலிலேயே தங்கும், தோண்டித் தின்னும் நாயும் கழுகும் செத்துப்போகும். எங்களுக்குப் பக்கத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் கூடு கட்டுவதால் மருத்துவர் இதில் ரொம்பக் கறாராக இருந்தார். கிணற்றுக்கு நன்றாகத் தள்ளி, உயரமான இடமாகப் பார்த்து, முந்தின நாளே ஜேசிபிக்குச் சொல்லிவிடுங்கள்.