பார்ட்டிஷனைத் தொட்டதும் பைத்தான் ஏன் முறிந்துபோகிறது?

கல்லடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள் தம்பி: வன்தட்டைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பிரிவுகளாக, வகுக்கும் சி நூலகமான லிப்பார்ட்டட்டுக்கு எழுதிய பைத்தான் இணைப்பில், ஒரு ஃபங்ஷன் திருப்பித் தந்த பார்ட்டிஷனின் அளவைக் கேட்டதும் நிரல் முறிகிறது.

சிக்கல் உரிமையில் இருக்கிறது. அந்த சி நூலகத்தில் பார்ட்டிஷன்கள், அவற்றின் அட்டவணையைக் குறிக்கும் டிஸ்க் பொருளுக்குச் சொந்தம். ஃபங்ஷன் முடிந்ததும் டிஸ்க் பொருளைப் பைத்தான் கைவிடுகிறது. அப்போது ஓடும் உங்கள் அழிப்பான், டிஸ்க்கை நினைவகத்திலிருந்து விடுவிக்கும் பெட்_டிஸ்க்_டிஸ்ட்ராய் (ped_disk_destroy) ஃபங்ஷனை அழைக்கிறது. பார்ட்டிஷன்களும் கூடவே போய்விடுகின்றன. கையில் மிஞ்சுவது வெறும் நினைவக முகவரி. ஆகவே ஒவ்வொரு பார்ட்டிஷன் பொருளும் தன் டிஸ்க்கை இறுகப் பிடித்திருக்கட்டும். புதிய பார்ட்டிஷனை டிஸ்க்கில் சேர்த்த பின் அதைத் தனியே அழிக்கவும் கூடாது.

மாற்றங்களை வன்தட்டில் எழுதும் கமிட்டைத் தானாக நடக்க விடாதீர்கள். அதுவரை பார்ட்டிஷன் அட்டவணை மாற்றங்கள் நினைவகத்திலேயே இருப்பது பெரிய வரம். சோதனைக்கு 64 மெகாபைட் வெற்றுக் கோப்பே போதும். லிப்பார்ட்டட் அதையும் வன்தட்டைப் போலவே ஏற்கும். கார்த்திகை மழையில் மின்சாரம் போய்வரும் மட்டக்களப்பில், உண்மையான வன்தட்டில் தயவுசெய்து சோதிக்காதீர்கள்.