ஜுராசிக் பார்க் படத்தில் வரும் ராப்டர்களைப் போல, கூட்டமாகத் திட்டம் போட்டு வேட்டையாடும் புத்திசாலி டைனோசர்கள் உண்மையிலேயே இருந்தனவா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. அந்தப் படத்தின் சமையலறைக் காட்சியைப் பார்த்துவிட்டு, ராத்திரியில் கொல்லைப்பக்கம் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடித்த பையன்களில் நானும் ஒருவன். இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. அவளும் அதே காட்சியைப் பார்த்தாள், துளி பயமில்லை. “இதுங்க குட்டிக்கு யாருப்பா சாப்பாடு கொடுப்பா?” என்று கேட்டாள். உங்கள் கேள்விக்கான பதில் அவள் கேட்டதில்தான் இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

படத்து ராப்டர் ஒரு கற்பனை விலங்கு. பெயரை ஒன்றிடமும் உடம்பை இன்னொன்றிடமும் வாங்கிச் செய்தது. பெயருக்குரிய வெலாசிராப்டர், மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் 1923-ல் கிடைத்தது. வால் நுனிவரை அளந்தால் இரண்டு மீட்டர் வரும், ஆனால் இடுப்பு உயரம் அரை மீட்டர்தான். அரிவாள் நகம் வைத்த ஒரு வான்கோழி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இறகும் உண்டு, அதன் முன்கை எலும்பில் இறகுகள் ஊன்றியிருந்த சிறு முடிச்சுகளை 2007-ல் கண்டறிந்தார்கள். ஆள் உயரத்துக்கு நின்று நம்மைப் பயமுறுத்தியது டைனானிகஸ் என்ற வேறொரு டைனோசரின், அதுவும் ஊதிப் பெருக்கிய, வடிவம். 1988-ல் கிரெகரி பால் என்ற ஆய்வாளர் டைனானிகஸையும் வெலாசிராப்டர் என்ற பெயருக்குள்ளேயே சேர்த்து எழுதினார். 1990-ல் வந்த மூல நாவலும் அதையே எடுத்துக்கொண்டது. அப்படித்தான் வான்கோழி புலியானது.

வெலாசிராப்டர் கூட்டமாக வேட்டையாடியதற்கு நேரடித் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. 1971-ல் கோபியில் ஒரு வெலாசிராப்டரும் புரோட்டோசெராடாப்ஸ் என்ற ஒரு தாவர உண்ணியும் சண்டையின் நடுவிலேயே மணலில் புதைந்து கிடைத்தன. வெலாசிராப்டரின் கால் நகம் புரோட்டோசெராடாப்ஸின் கழுத்தருகே, கை அதன் வாயில். உலகப் புகழ்பெற்ற புதைபடிவம். அதில் இருப்பது ஒற்றை வெலாசிராப்டர், துணைக்கு யாரும் வரவில்லை.

கூட்ட வேட்டைக் கதை தொடங்கிய இடம் அமெரிக்காவின் மொன்டானா. யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் 1964-ல் அங்கே டைனானிகஸைக் கண்டெடுத்து 1969-ல் பெயர் வைத்தார். ஒரே இடத்தில் பல டைனானிகஸ்களின் எலும்புகள், கூடவே டெனான்டோசாரஸ் என்ற பெரிய தாவர உண்ணியின் எலும்புகள். டைனானிகஸ் நம் எடைக்கு இருக்கும். டெனான்டோசாரஸ் அதைவிடப் பல மடங்கு பெரியது. தனியாளாக வீழ்த்த முடியாது, ஆகவே ஓநாய்கள்போலச் சேர்ந்து தாக்கியிருக்கும் என்பது வாதம். நியாயமாகத்தான் தோன்றுகிறது, இல்லையா?

2007-ல் ரோச், பிரிங்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை வேறு மாதிரி படித்தார்கள். இந்தோனேசியாவின் கொமோடோ உடும்புகளைப் பாருங்கள். ஒரு எருமை செத்தால் பத்துப் பன்னிரண்டு உடும்புகள் மொய்த்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பந்தி மாதிரி இருக்கும். கிட்டப் போனால் அடிதடி. பெரியது சின்னதை விரட்டும், சமயத்தில் தின்றும்விடும். அதனால்தான் குட்டி உடும்புகள் முதல் சில வருடங்களை மரத்தின் மேலேயே கழிக்கின்றன. மொன்டானாவில் செத்துக் கிடந்த டைனானிகஸ்கள் இரையோடு போராடிச் சாகாமல், பங்குச் சண்டையில் தம் இனத்தாலேயே கொல்லப்பட்டிருக்கலாம் என்றார்கள் அந்த இருவரும். எலும்புக் குவியல் ஒன்றுதான். அதை ஓநாய்க் குடும்பமாகவும் படிக்கலாம், உடும்புக் கும்பலாகவும் படிக்கலாம்.

இதை எப்படிப் பிரித்தறிவது? இங்கேதான் என் மகளின் கேள்வி வருகிறது. ஓநாய்க் குட்டி, பெரியவர்கள் கொன்றதைத்தான் தின்னும். உடும்புக் குட்டியோ பூச்சி, பல்லி என்று தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆக, குட்டியும் பெரியதும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டனவா என்று தெரிந்தால் போதும். சாப்பாட்டின் முத்திரை பல்லில் இருக்கிறது. 2020-ல் ஒரு குழு டைனானிகஸின் சிறிய பற்களையும் பெரிய பற்களையும் எடுத்து கார்பன் ஐசோடோப்புகளை (தின்ற சாப்பாட்டுக்கேற்ப விகிதம் மாறும் கார்பன் அணு வகைகளை) அளந்தது. இரண்டும் பொருந்தவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்த முதலைப் பற்களிலும் இதே வேறுபாடு. குட்டிகள் பெரியவர்களின் பந்தியில் உட்காரவில்லை என்றுதான் அர்த்தம். எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும், கொலை நடந்த இடத்தை விட்டுவிட்டு அடுப்படியில் போய் விசாரித்திருக்கிறார்கள்.

அதற்காக ராப்டர்கள் (வெலாசிராப்டர், டைனானிகஸ் போன்ற அரிவாள் நக டைனோசர்கள்) எல்லாமே தனிக்கட்டை என்று முடிவு கட்டிவிட முடியாது. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் ஒரு பெரிய ராப்டர் இனத்தின் ஆறு தடங்கள் இணையாக, ஒன்றின்மேல் ஒன்று படாமல், ஒரே திசையில் போகின்றன. அரிவாள் நகத்தைத் தரையில் படாமல் தூக்கி நடந்ததால் தடத்தில் இரண்டு விரல்தான் தெரியும். சேர்ந்து நடந்தன என்பதற்கு நல்ல சாட்சி. சேர்ந்து வேட்டையாடினவா என்பதைத் தடம் சொல்லாது.

படத்தில் ராப்டர் கைப்பிடியை அழுத்திக் கதவைத் திறக்கிறதே, அந்தப் புத்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடம்போடு ஒப்பிட்டால் ஓரளவு பெரிய மூளை கொண்டவை ராப்டர்களின் உறவினரான ட்ரூடான் வகைகள். அவற்றின் புத்தியையே அதிகபட்சம் ஈமு மாதிரியான பறவையின் புத்தி என்று சொல்லலாம். தவிர ராப்டரின் மணிக்கட்டு நம்முடையது போலத் திரும்பாது. உள்ளங்கைகள் எப்போதும் கைதட்டப் போவதுபோல ஒன்றையொன்று பார்த்தபடிதான் இருக்கும். கைப்பிடியை மேலிருந்து அழுத்தித் திறப்பது நடக்காத காரியம்.

புத்திசாலி டைனோசர் என்றதும் ஏன் நமக்கு உடனே பாலூட்டிதான் ஞாபகம் வருகிறது? கனடாவின் டேல் ரஸ்ஸல் 1982-ல், ட்ரூடான் அழியாமல் பரிணமித்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி உருவமே செய்து காட்டினார். பச்சைத் தோல், பெரிய கண், வாலில்லாமல் நிமிர்ந்த நடை. மொத்தத்தில் மனிதன். அவர் டைனோசருக்கு மனித வேஷம் போட்டார், படக்காரர்கள் ஓநாய் வேஷம் போட்டார்கள்.

என்னைக் கேட்டால் பறவையிலிருந்து தொடங்குவேன். அமெரிக்கப் பாலைவனங்களில் ஹாரிஸ் பருந்து என்று ஒன்று உண்டு. பருந்துகளில் அபூர்வமாக, குடும்பமாக வேட்டையாடும். முயல் புதருக்குள் பதுங்கினால் ஒன்று உள்ளே நுழைந்து கிளப்பும், மற்றவை வெளியே காத்திருக்கும். தம்மைவிடக் கனமான முயலைக்கூட இப்படிப் பிடித்துப் பகிர்ந்து தின்னும். வளர்ந்த பிள்ளைகள் கூட்டை விட்டுப் போகாமல் பெற்றோரோடு தங்கி, அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவருவதும் உண்டு.

மகளும் நானும் ராத்திரியில் சொல்லிக்கொள்ளும் கதையில் வரும் ராப்டர் கூட்டம் இப்படித்தான். தலைவன் கிடையாது. ஒரு ஜோடி, போன வருடத்துப் பிள்ளைகள் மூன்று, ஒரு நொண்டிச் சித்தி. ஓடமுடியாத சித்திதான் புதரைக் கலைப்பாள், அவளுக்குத்தான் முதல் பங்கு. பங்கைத் திருடியவனோடு மூன்று நாள் யாரும் பேசமாட்டார்கள். இந்தச் சட்டம் மகள் போட்டது.

குரல் மட்டும் படத்திலிருந்து கடன் வாங்கினோம். ராப்டர்கள் ஒன்றையொன்று கூப்பிடும் அந்தக் குரைப்பை அவள் அச்சு அசலாகச் செய்வாள். படத்தின் ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரம் அதற்குப் பயன்படுத்தியது ஆமைகள் இணைசேரும்போது எழுப்பும் சத்தம். இதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.