ஆற்றுக்கு வருவது குப்பையின் சாறு

கேள்வி: எங்கள் குப்பைக் கிடங்கு ஆற்றிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. யாரும் ஆற்றில் குப்பை கொட்டுவதில்லை. இருந்தும் கோடை முடிந்து முதல் மழை பெய்தால் மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏன்?

பதில்: குப்பை வராவிட்டாலும் அதன் சாறு வருகிறது. உணவுக் கழிவின் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். குவியலுக்குள் காற்றில்லாமல் அழுகும்போது அதில் கரிம அமிலங்கள் உண்டாகின்றன. மேலிருந்து இறங்கும் மழைநீர் அவற்றையும், பேட்டரி முதலியவற்றிலிருந்து கரையும் உலோகங்களையும் வாரிக்கொண்டு அடியில் கறுப்பாகக் கசிந்து, வடிகால் வழியாக ஆற்றுக்குப் போகிறது.

இந்தக் கசிவுநீரின் வீரியத்தைப் பலர் உணர்வதில்லை. கழிவு மக்கும்போது நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன், வீட்டுச் சாக்கடை நீருக்கு லிட்டருக்கு 200–300 மில்லிகிராம். புதிய குப்பையின் கசிவுநீருக்கு அது 20,000 வரைகூடப் போகும். ஆற்றுநீரில் கரைந்திருப்பதோ லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் கசிவுநீர், 2,500 லிட்டர் ஆற்றுநீரின் ஆக்ஸிஜனைக் காலிசெய்யப் போதும்! காற்றிலிருந்து ஆக்ஸிஜன் மீண்டும் கரையும், ஆனால் மெதுவாக. ஆற்றில் அது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினாலே பல மீன்கள் திணறும். 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது.

முதல் மழையில் எல்லாம் ஒன்றுசேர்கிறது. ஆறு வற்றிக் கிடப்பதால் கழிவு நீர்த்துப்போக வழியில்லை. மாதக்கணக்கில் வடிகாலில் படிந்த சேறும் அப்போதுதான் கிளறப்படுகிறது. அது கறுப்பாக இருந்து அழுகிய முட்டை வாடை வீசினால், அங்கே ஆக்ஸிஜன் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்று பொருள். நீரைச் சோதிப்பதானால் விடியலுக்குச் சற்று முன் சோதியுங்கள். நண்பகலில் பாசி வெளிவிடும் ஆக்ஸிஜன் உண்மை நிலையை மறைத்துவிடும்.

கேள்வி: வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் வலை கட்டினால் போதாதா?

பதில்: கட்டுங்கள். ஆனால் மிதப்பதுதான் அதில் சிக்கும். கரைந்தது அப்படியே போய்விடும். மழைக்காலத்தில் தினமும் அள்ள ஆள் இல்லையென்றால் வலையால் கெடுதலே அதிகம்: சிக்கியது தண்ணீரிலேயே அழுகும், நீர் எதிர்த்துத் தெருவுக்குள் ஏறும், பெருமழையில் வலை அறுந்து மொத்தமும் ஒரேயடியாக ஆற்றில் போய் விழும். தூர்வாருவதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழை அதை உள்ளே தள்ளிவிடுகிறது.

கேள்வி: பழைய கிடங்கை மூடிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: உடனே தீராது. பழைய குவியலிலிருந்து அம்மோனியா பல பத்தாண்டுகள் கசியும். மேல்மூடியைச் சரிவாக அமைத்து, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுப்பதுதான் முதல் வேலை. புதிய கிடங்கு என்றால் 90 செ.மீ. இறுகிய களிமண்ணும் அதன்மேல் 1.5 மி.மீ. பாலிஎதிலீன் விரிப்பும் வேண்டும். விரிப்புக்கு மேலே கசிவுநீரை வடித்தெடுக்கத் துளைக் குழாய்கள் இருக்க வேண்டும். அவை சேற்றால் அடைபட்டால் கசிவுநீர் தேங்கி, விரிப்பின் சிறு ஓட்டைகள் வழியாகவும் அழுத்தத்தோடு இறங்கும்.

கேள்வி: வீட்டளவில் எதை மாற்றினால் பலன் அதிகம்?

பதில்: ஈரக் குப்பையைத் தனியே வையுங்கள். சாறுக்கு மூலம் அதுதான். மட்கவைக்க, ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, கன அளவில். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வரலாம். ஒழுகினால் இலை போதவில்லை. தொட்டியின் அடியில் வடியும் நீரை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது நேரே ஆற்றுக்குத்தான் போகும். காய்ந்த இலைமேலேயே திருப்பித் தெளியுங்கள்.