ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே சைக்கிள்: கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பண்டாரவளையில் அம்மாவுடனும் பாடசாலை செல்லும் தங்கையுடனும் வசிக்கிறேன். எல்லவில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். சேமலாப நிதிக்கான பங்கு கழிந்து மாதம் 72,000 ரூபா கைக்கு வருகிறது. உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் மேலும் 30,000 ரூபா வரை கிடைக்கும். வீட்டுச் செலவு 55,000 ரூபா. வங்கியில் 640,000 ரூபா இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. செங்குத்தான இறக்கங்களில் இறங்குவதும், தோட்டப் பாதைகளில் நாள் முழுவதும் ஏறி இறங்கி ஓட்டுவதும் எனக்கு விருப்பம். இப்போது இரவல் சைக்கிளில், மாதம் இரண்டு நாட்கள் நண்பர்கள் இருவருடன் பிக்கப் பிடித்து மேலே போகிறேன்; ஓர் ஏற்றத்துக்கு மூவருக்கும் சேர்த்து 6,000 ரூபா வாடகை, ஒரு நாளில் இரண்டு ஏற்றம். மூன்று சைக்கிள்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். பாவித்த டவுன்ஹில் சைக்கிள், 200 மில்லிமீற்றர் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கச் சில்லு மேலும் கீழும் அசையும் தூரம்), 375,000 ரூபா. முன்னும் பின்னும் 150 மில்லிமீற்றர் சஸ்பென்ஷன் உள்ள, மலைப் பாதைகளில் ஏறவும் இறங்கவும் ஏற்ற புதிய டிரெயில் சைக்கிள், 850,000 ரூபா. முன்பக்கம் மட்டும் 130 மில்லிமீற்றர் ஃபோர்க் (முன்சில்லைப் பிடிக்கும், அதிர்வு தாங்கும் கவை) உள்ள, ஒரு வருடம் பாவித்த ஹார்ட்டெயில், 235,000 ரூபா. புதியதை வாங்க 450,000 ரூபா கட்டினால், மீதி 400,000 ரூபாவை ஒரு நிதி நிறுவனம் 14 சதவீத வட்டிக்கு, 24 மாதங்களுக்கு, மாதம் 21,333 ரூபா தவணையில் தருவதாகச் சொல்கிறது. கடன் வேண்டாம், என் நகையை அடகு வை என்கிறார் அம்மா. எதை வாங்குவது?

பதில்: ஹார்ட்டெயிலை வாங்குங்கள். வங்கியில் உள்ள பணத்தில் 330,000 ரூபாவைத் தொடாதீர்கள். நிதி நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். அம்மாவின் நகை அம்மாவிடமே இருக்கட்டும். இரண்டு வருடங்களில் நீங்கள் இதே தெரிவை மறுபடியும் செய்ய வேண்டி வரும் என்பதால், இந்த முடிவுக்கு வந்த வழியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டவுன்ஹில் சைக்கிள். அது இறங்குவதற்கென்றே அமைக்கப்பட்ட இயந்திரம். எடை பெரும்பாலும் 16 கிலோகிராமுக்கு மேல் இருக்கும், இருக்கை தாழ்ந்திருக்கும், ஏற்றத்தில் மிதிக்கத் தேவையான இலகுவான கியர்கள் அதில் இல்லை. ஸ்கொட்லாந்தில் உலகக் கிண்ணப் போட்டிகள் பல தடவை நடந்த ஃபோர்ட் வில்லியம் தடத்தில் ஓட்டுநர்கள் ஏறத்தாழ 550 மீற்றர் உயரம் இறங்குகிறார்கள்; மேலே போவதற்கு அங்கே கம்பிவடப் பெட்டி இருக்கிறது. தேயிலை மலைக் காட்சிமுனையான லிப்டன் சீட்டிலிருந்து அப்புத்தளை நகரத்துக்கு இறங்கும் உயரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் நம்மிடம் கம்பிவடம் இல்லை. இறங்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒன்றில் உங்கள் கால்கள் விலை கொடுக்க வேண்டும், அல்லது பிக்கப் வாடகை கொடுக்க வேண்டும். நீங்கள் தந்த கணக்கின்படி உங்கள் பங்கு ஓர் ஏற்றத்துக்கு 2,000 ரூபா. மாதத்துக்கு 8,000 ரூபா. வருடத்துக்கு 96,000 ரூபா. டவுன்ஹில் சைக்கிளை வாங்கினால் இந்தச் செலவு அதை விற்கும் நாள் வரை உங்களை விட்டுப் போகாது. இரண்டரை வருட வாடகை ஹார்ட்டெயிலின் விலையையே தாண்டிவிடும். நண்பர்களில் ஒருவர் வேலை தேடிக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் உங்கள் பங்கு 3,000 ரூபாவாகும். தோட்டப் பாதையில் நாள் முழுவதும் ஓட்ட வேண்டும் என்ற உங்கள் மற்ற விருப்பத்துக்கோ அந்தச் சைக்கிள் உதவவே உதவாது.

850,000 ரூபா சைக்கிளைப் பொறுத்தவரை, சைக்கிள் என்ற அளவில் உங்கள் கேள்விக்குச் சரியான விடை அதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 140 முதல் 150 மில்லிமீற்றர் வரையான சஸ்பென்ஷன், 64 அல்லது 65 பாகை அளவில் சாய்ந்த முன்பகுதி, ஓடும்போதே இருக்கையை இறக்கி ஏற்றும் டிராப்பர் போஸ்ட், நான்கு பிஸ்டன் டிஸ்க் பிரேக், பின்சில்லில் பெரிய பல்சக்கரம் ஆகியவை சேர்ந்த ஒரு சைக்கிள் கற்கள் நிறைந்த இறக்கத்திலும் நம்பிக்கை தரும்; ஏற்றத்திலும் மூச்சை முற்றாகப் பறிக்காது. மறுப்பு சைக்கிளுக்கு அல்ல, அதை வாங்கும் வழிக்கு.

உங்களிடம் சொல்லப்பட்ட 14 சதவீதத்தைப் பாருங்கள். 21,333 ரூபாவை 24 மாதம் கட்டினால் மொத்தம் ஏறத்தாழ 512,000 ரூபா. வட்டி மட்டும் 112,000 ரூபா. அதாவது, மாதந்தோறும் கடன் குறைந்துகொண்டு வந்தாலும், முதல் நாள் பெற்ற 400,000 ரூபா முழுவதற்கும் கடைசி வரை வட்டி அறவிடுகிறார்கள். குறைந்துவரும் மீதிக்கு மட்டும் 14 சதவீதம் அறவிடப்பட்டால் தவணை 19,200 ரூபா அளவில் நின்றிருக்கும். வட்டி 61,000 ரூபாவைச் சுற்றியே இருந்திருக்கும். உங்களுக்குத் தரப்படும் கடனின் உண்மையான வருட வட்டி ஏறத்தாழ 25 சதவீதம். எந்த நிறுவனத்திடம் போனாலும், "இந்த வட்டி குறையும் மீதிக்கா, முழுத் தொகைக்கா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வட்டியை விடவும் என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் வருமானத்தின் வடிவம். பயணிகள் வராத மாதங்களில் 72,000 ரூபாவிலிருந்து வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 17,000 ரூபா. தவணையோ 21,333 ரூபா. அந்த மாதங்கள் ஒவ்வொன்றிலும் 4,333 ரூபா குறையும். அதை நிரப்ப வேண்டிய சேமிப்பில் 450,000 ரூபாவை ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள். தவணை தவறினால் அது கடன் தகவல் பணியகத்தில் உங்கள் பெயரில் பதிவாகும். நாளைக்கு வீட்டுக்கோ தங்கையின் படிப்புக்கோ கடன் கேட்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். உல்லாசப் பயணத் துறை 2019 ஏப்ரலில் ஒரு தடவை, 2020 இல் ஒரு தடவை, 2022 இல் ஒரு தடவை என்று அடுத்தடுத்து வீழ்ந்ததை நீங்கள் உள்ளேயிருந்தே பார்த்திருப்பீர்கள். நிரந்தர மாதச் சம்பளம் பெறும் ஒருவருக்கு மூன்று மாதச் செலவு கையிருப்பாக இருந்தால் போதும் என்பேன். உங்களுக்கு ஆறு மாதச் செலவு வேண்டும். 330,000 ரூபா என்று நான் சொன்னது அதுதான்.

உதிரிப்பாகங்களின் விலையும் இதனோடு சேர்ந்தது. உங்கள் சம்பளம் ரூபாவில் வருகிறது. சஸ்பென்ஷன் பாகங்களின் விலை டொலரில் இருக்கிறது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பிறகு, 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியது. பொருளின் விலை, காப்புறுதி, கப்பற்கூலி ஆகியவற்றைச் சேர்த்த பெறுமதியின் மீது சுங்கம் வரிகளைக் கணக்கிடுகிறது. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரி முதல் 18 சதவீதம். பின்பக்க அதிர்வுதாங்கியும், அதைச் சைக்கிளின் சட்டத்துடன் (ஃபிரேம்) இணைக்கும் பெயரிங்குகளும் கொண்ட சைக்கிளில் இவ்வாறு விலையேறும் பாகங்கள் அதிகம். மழைக்காலத்துச் சேறு அந்தப் பெயரிங்குகளை விரைவாகத் தின்றுவிடும். உங்கள் ஊவாப் பக்கத்தில் ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை அந்தச் சேற்றுக்குக் குறைவே இராது.

நகை பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால் அன்றே பணமாக்கக்கூடிய கடைசிச் சொத்து அது. விளையாட்டுக்காக, அது எவ்வளவு உயர்ந்த விளையாட்டாக இருந்தாலும், அதை அடகுக்குக் கொண்டு போகக் கூடாது. அம்மாவின் அன்புக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

இனி ஹார்ட்டெயில். 640,000 ரூபாவில் 330,000 போக 310,000 மிஞ்சும். சைக்கிளுக்கு 235,000 கொடுத்தால் 75,000 ரூபா கையில் நிற்கும். அதில் முதல் செலவு தாடையையும் மூடும் முழுமுகத் தலைக்கவசமும் முழங்கால் காப்பும். அடுத்தது 2.4 அங்குலம் அல்லது அதற்குச் சற்று அகலமான, பக்கச்சுவர் தடித்த, டியூப் இல்லாத டயர்கள். பின்பக்கத்தில் அதிர்வுதாங்கி இல்லாத சைக்கிளில் அந்த வேலையின் ஒரு பகுதியை டயர்தான் செய்ய வேண்டும். மூன்றாவதாக முன்பக்கத்துக்கு 200 மில்லிமீற்றர் பிரேக் ரோட்டரும் (பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு), ஈரத்தில் விரைவில் தேய்ந்து போகாத உலோகக் கலவைப் பிரேக் பட்டைகளும். ஃபோர்க்குக்கு அனுமதிக்கப்பட்ட ரோட்டர் அளவை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 130 மில்லிமீற்றர் போதவில்லை என்று 160 மில்லிமீற்றர் ஃபோர்க் மாட்டச் சொல்லுவோர் இருப்பார்கள், கேட்காதீர்கள். ஒவ்வொரு 10 மில்லிமீற்றருக்கும் முன்பகுதி ஏறத்தாழ அரைப் பாகை கூடுதலாகச் சாய்வதோடு, ஃபோர்க் நுழையும் சட்டத்தின் தலைக்குழாயில் அது தாங்குவதற்கு அமைக்கப்படாத சுமையும் விழும்.

பெரிய பாறைகளிலிருந்து பாய்ந்து இறங்கும் தடங்கள் இந்தச் சைக்கிளுக்கு உரியவை அல்ல. ஆனால் தேயிலை மலைகளுக்கு நடுவே லொறி போகும் கல் பாதைகளும், அவற்றிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகளும் இதற்குத் தாராளமாகப் பொருந்தும். அவை கொழுந்துச் சாக்குகளுடன் மக்கள் நடந்து வரும் வேலைப் பாதைகள் என்பதால், தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, ஆட்களைக் கண்டதும் நின்று வழிவிட்டு ஓட்டுங்கள். ஏற்றத்தையும் இதிலேயே மிதிக்கலாம். அப்போது பிக்கப் வாடகையில் பாதியாவது மிஞ்சும்.

பணம் கொடுப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் சைக்கிளைப் பாருங்கள். தலைக்குழாயின் ஒட்டுகளிலும் பெடல் அச்சைச் சுற்றியும் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, ஃபோர்க்கின் வழுக்குக் குழாயில் நகத்தில் தட்டுப்படும் கீறல் உண்டா, முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா என்று கவனியுங்கள். பின்சில்லு 12 மில்லிமீற்றர் துளை அச்சில் (சட்டத்தின் இரு பக்கத் துளைகளூடாகச் சென்று திருகப்படும் தடித்த அச்சு) இருக்கிறதா என்றும் பாருங்கள். நெம்பினால் இறுக்கும் பழைய, மெல்லிய விரைவுப்பிடி அச்சாக இருந்தால் இன்றைய நல்ல சில்லுகள் பொருந்தா, மறுவிலையும் குறையும். சட்டத்தின் இலக்கத்தை எழுதிய பற்றுச்சீட்டு தராதவரிடம் வாங்க வேண்டாம்.

பராமரிப்புக்கு மாதம் 5,000 ரூபாவைத் தனியாக ஒதுக்குங்கள். 50 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை ஃபோர்க்கின் கீழ்க்குழாய்களில் உள்ள எண்ணெயைக் கவனிக்கச் சொல்லும் உற்பத்தியாளர்கள் உண்டு. மாதம் 12 மணித்தியாலம் ஓட்டினாலும் வருடத்துக்கு மூன்று தடவையாகிறது. இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம்.

பயணிகள் வரும் மாதங்களில் கிடைக்கும் 30,000 ரூபாவில் 25,000 ரூபாவை நிலையான வைப்புக்கு அனுப்புங்கள். வருடத்தில் அத்தகைய மாதங்கள் ஆறு என்று வைத்தால் இரண்டு வருடங்களில் 300,000 ரூபாவும் வட்டியும் சேரும். வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படும். வருட வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாத உங்களைப் போன்றவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். ஹார்ட்டெயிலை விற்று வரும் பணமும் சேர்ந்தால், பாவித்த ஃபுல் சஸ்பென்ஷன் டிரெயில் சைக்கிளைக் கடனின்றித் தேடத் தொடங்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அரச வைத்தியசாலையில் கைமுறிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கையில் கட்டுடன் இருக்கும் வாரங்களில் பயணிகள் மாதத்து மேலதிக வருமானம் கிடைக்காது. எனவே சைக்கிளை எடுக்கும் மாதத்திலேயே ஒரு தனிநபர் விபத்துக் காப்புறுதியும் எடுங்கள். மலைச் சைக்கிளில் இறக்கம் ஓட்டுகிறேன் என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். விலக்குப் பட்டியலில் அது இருந்தால், அதை ஏற்கும் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.